இளங்குதிரையும் தளர்ந்த கடிவாளமும்

அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாட்டுப் பண்ணைகளிலே பிறந்து, பின்னர் போட்டிக் களத்துக்கு வந்த குதிரை வித்தை ஒன்று உண்டு. றெயினிங் என்பது அதன் பெயர். முழு வேகத்தில் ஓடிவரும் குதிரை, பின்னங்கால்களை வயிற்றின் கீழே செலுத்தி, மணலிற் பல அடி தூரம் வழுக்கிச் சென்று நிற்கின்றது. பின்பு நின்ற இடத்திலேயே பம்பரம் போற் சுழல்கின்றது. பார்ப்போர் வியப்பது இவற்றையே. ஆனால், இவ்வித்தையை அறிந்தவர் முதலில் நோக்குவது சவாரி செய்பவரின் கையை. கடிவாள வார் அங்கே தொய்ந்து கிடக்கின்றதா என்பதே அவர் பார்ப்பது.

அதற்குக் காரணம் பண்ணைத் தொழிலிலேயே இருக்கின்றது. மாட்டைப் பிடிக்கச் சுருக்குக் கயிறு வீசுபவனுக்கு வாரைப் பிடிக்க மிஞ்சுவது ஒரு கைதான். ஓயாது இழுத்து அடக்க வேண்டிய குதிரை அவனுக்கு எவ்வாறு உதவும்? இத்திறனை 1949 இல் அமெரிக்கக் குவாட்டர் குதிரைச் சங்கம் போட்டியாக ஏற்றது. 1966 இல் இதற்கெனத் தனித் தேசிய சங்கம் தோன்றியது.

இளங்குதிரைக்கு முதலிற் கற்பிக்க வேண்டியது நிறுத்தமும் அன்று, சுழற்சியும் அன்று. இலேசான தொடுகைக்கு இணங்குதலே. இக்காலத்தில் வாயிலிடுவது நடுவே மூட்டுள்ள எளிய கடிவாளம். வார்களைப் பிடிப்பது இரு கைகளாலும். ஒரு பக்கத்து வாரை மெல்ல ஏந்திக் காத்திருத்தல் வேண்டும். குதிரை மூக்கைச் சிறிதளவு அப்பக்கம் திருப்பிய அக்கணமே வாரை விட்டுவிடல் வேண்டும். குதிரை கற்பது இழுப்பினால் அன்று, விடுதலையினால். காலங்கடந்து விடும் கை, குதிரைக்கு எதனையும் சொல்லாத கை.

அடுத்தது வட்டம். முதலில் நடை, பின் சிற்றோட்டம், அதன்பின் பாய்ச்சல் என்று பல வாரங்கள் இதிலேயே கழியலாம். குதிரை வட்டத்தில் நிற்கும்வரை கை தலையிடாது. விலகியபோது மாத்திரம் திருத்தி, மீண்டும் தளர்த்தும். வட்டமே இளைப்பாறும் இடம் என்பதைக் குதிரை தானாகவே கண்டுகொள்ளும். திருப்பும்போது வெளிப்பக்கத்து வாரையும் கழுத்தோடு சாய்த்து வந்தால், நாளடைவில் அந்தத் தொடுகை மாத்திரமே போதியதாகும். பின்னாளில் ஒரு கையாற் செலுத்துவதற்கு வித்து இதுவே. சுழற்சியும் சிறிய வட்டத்தின் மெல்லிய நடையிலிருந்தே வளர்கின்றது. முன்னங்கால் ஒன்றையொன்று கடந்து வைக்கப் பழகுமுன் வேகத்தை நாடுதல் வீண்.

நிறுத்தத்துக்கு "வோ" என்ற சொல் முதலில், இருக்கையிற் பின்சாய்ந்து அமர்தல் அடுத்து, கை கடைசியில். வழுக்குதலைத் தொடக்கத்தில் நாடுதல் கூடாது. அதற்கு அடியில் இறுகி மேலே பொலபொலத்த தரையும், பின்னங்கால்களுக்கு அகன்ற வழுவழுப்பான லாடமும் வேண்டும். கடுந்தரையில் வழுக்க முயன்று நொந்த குதிரை, அடுத்த முறை நிற்கவே அஞ்சும்.

பிறர் பழக்கிய குதிரையை வாங்கியவரும் இவ்வாறே நடையிலிருந்து தொடங்கி, அது எந்தச் சைகையை எவ்வாறு அறிந்துள்ளது என்று ஆராய்வது நன்று. பல்லையும் முதுகையும் சேணத்தின் பொருத்தத்தையும் பாராமல் குதிரையைப் பிடிவாதக்காரனென்று ஏசுவோர் பலர்.

இனி, வயது பற்றிய வினா. இத்துறையின் பெரும் பரிசுப் போட்டி ஒக்லஹோமா நகரில் ஆண்டிறுதியில் நடைபெறுவது; அது மூன்று வயதுக் குதிரைகளுக்கே உரியது. அதற்கு ஆயத்தமாக வேண்டுமாயின் இரண்டாம் வயதிலேயே சேணம் ஏற வேண்டும். முதுகெலும்பின் வளர்ச்சி முற்றுப்பெறுவதோ ஐந்து வயதளவில். இளமையில் அளவான ஓட்டம் எலும்பை உறுதிப்படுத்தும் என்பது உண்மையே; எனினும் அளவான ஓட்டம் வேறு, நாள்தோறும் வழுக்கி நிறுத்துதல் வேறு. சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் 2000 இல் ஏற்ற இப்போட்டியை 2021 இற் கைவிடத் தீர்மானித்தது. அமெரிக்கச் சங்கங்களோடு அதற்கிருந்த பிணக்குகளுள் குதிரைகளின் வயதும் ஒன்று.

பழைய கலிபோர்னியாவின் ஸ்பானிய வழிவந்த மாட்டிடையர் இவ்விடயத்திற் பொறுமை மிக்கோர். பதனிடாத தோலைப் பின்னிய மூக்குப்பட்டை ஒன்றினாலேயே அவர்கள் குதிரையைப் பழக்கினர். இரண்டரை வயது முதல் ஐந்து வயதளவும் குதிரைக்குப் பாற்பற்கள் விழுந்து முளைக்குமாதலால், அந்நாட்களில் வாயிலே இரும்பு படாதிருந்தது. மூக்குப்பட்டைக்குப் பின் சில காலம் இரட்டை வார், இறுதியிலேயே கடிவாளம். இப்படி ஆண்டுகள் பல சென்றன. பரிசுப் பணம் அவ்வளவு காலம் காத்திராது என்பது மெய்தான். ஆயினும், சொந்த மகிழ்ச்சிக்காகக் குதிரை வைத்திருப்பவரை எந்தப் போட்டி நாளும் துரத்துவதில்லை. குதிரை வாலைச் சுழற்றி, வாயைப் பிளந்து, காதுகளைப் பின்னே மடிக்கும் நாளில், அவர் பாடத்தை அவ்வளவில் விட்டு, வாரைத் தளர்த்தி, வேலிக்கு வெளியே புல்வெளி வழியாக அதனை நடத்திச் செல்லலாம்.