எத்தனை பேர் நாம்? – எண்ணிக்கையும் எண்ணமும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"பத்து நிமிஷம் பேசுங்க, பசங்களுக்குப் பயன்படுற மாதிரி இருக்கட்டும்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அதனால் பழைய விடுதிக் கதைகளை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒத்திவைத்துவிட்டு, ஒரு சண்டையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் உங்களுக்குத் தெரியும். 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கியது. 2003 முதல் தமிழிலும் வளர்ந்து வருகிறது. அதை எழுதுகிறவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வத் தொகுப்பாளர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவி, வங்கி ஊழியர் என்று எல்லாரும் உண்டு. வேதியியலைப் பற்றி எழுதும்போது இவர்கள் அமைதியாக இருப்பார்கள். ஓர் இனத்தார் உலகில் எத்தனை பேர் என்று ஓர் எண்ணைப் போடும்போது பாருங்கள், அடிதடிதான்! ஒருவர் எழுதுவார், மற்றவர் அழிப்பார், முதலாமவர் மறுபடி எழுதுவார். இதற்குத் 'தொகுத்தல் போர்' என்றே பெயர். ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் ஒருவர் மூன்று முறைக்கு மேல் பிறர் எழுதியதை மாற்றி வைக்கக்கூடாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் விதியே இருக்கிறது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

எண் என்றால் எண்தானே, இதில் என்ன சண்டை என்று கேட்பீர்கள். நானும் பல உரையாடல் பக்கங்களைப் படித்துப் பார்த்தேன். சண்டை போடுகிறவர்களில் பொய் சொல்கிறவர்கள் குறைவு. ஆளுக்கு ஒரு கேள்விக்கான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதல் உதாரணம் அமெரிக்கா. அங்கே 1980 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "உங்கள் வம்சாவளி என்ன?" என்று கேட்டார்கள். அவரவர் எழுதிக்கொள்ள வேண்டியது. படிவத்தில் உதாரணத்துக்குச் சில பெயர்கள் அச்சிட்டிருந்தார்கள். அதில் 'ஆங்கிலேயர்' என்பதும் இருந்தது. 4 கோடியே 96 இலட்சம் பேர் தங்களை ஆங்கிலேய வம்சாவளி என்றார்கள். 1990இல் அந்த உதாரணப் பட்டியலிலிருந்து 'ஆங்கிலேயர்' போய்விட்டது. 'ஜெர்மானியர்' முதலிடத்துக்கு வந்தது. விளைவு? ஆங்கிலேய வம்சாவளியினர் 3 கோடியே 27 இலட்சமாக இறங்கினார்கள். ஜெர்மானியர் 4 கோடியே 92 இலட்சத்திலிருந்து சுமார் 5 கோடியே 80 இலட்சமாக ஏறினார்கள். 2000இல் ஜெர்மானியர், ஐரிஷ்காரர் பெயர்களும் உதாரணத்திலிருந்து நீங்கின. ஜெர்மானியர் 4 கோடியே 28 இலட்சமானார்கள். 2020இல் வேறு ஒரு கேள்விக்குக் கீழே எழுதச் சொல்லி, மூன்று பெயர்களையும் உதாரணமாகக் கொடுத்தார்கள். ஆங்கிலேயர் 4 கோடியே 66 இலட்சம் என்று மறுபடியும் முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள்.

இருபது ஆண்டுகளில் இரண்டு கோடி ஆங்கிலேயர்கள் செத்தும் போகவில்லை, அடுத்த இருபது ஆண்டுகளில் கப்பலேறி வந்து இறங்கவும் இல்லை. பாட்டி ஐரிஷ், தாத்தா ஜெர்மன், அம்மா வழியில் ஆங்கிலேயர் என்று இருக்கிறவருக்குப் படிவத்தில் எது கண்ணில் படுகிறதோ அது நினைவுக்கு வருகிறது. சிலர் "அமெரிக்கன்" என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். 2000இல் அப்படி எழுதியவர்கள் 2 கோடிக்கும் மேல். இப்போது ஒரு தொகுப்பாளர் 1980 எண்ணையும், இன்னொருவர் 2000 எண்ணையும் வைத்துக்கொண்டு மோதினால் யார் சொல்வது சரி? இரண்டும் அரசாங்கம் வெளியிட்டவைதாம்! எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும், கேட்ட கேள்வியையும் எழுதாததுதான் கோளாறு.

இரண்டாவது, எதை எண்ணுகிறோம் என்பது. பிரான்ஸ் நாட்டில் கணக்கெடுப்பு பிறந்த நாட்டையும் குடியுரிமையையும் கேட்கும், இனத்தைக் கேட்காது. இனவாரிப் புள்ளிவிவரம் திரட்ட வழி செய்த ஒரு சட்டப்பிரிவை அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. பிரேசிலிலோ நிறத்தையும் இனத்தையும் கேட்கிறார்கள், லெபனானா இத்தாலியா என்று கேட்பதில்லை. ஆனாலும் பிரேசிலில் 70 இலட்சம் லெபனான் வம்சாவளியினர் என்று பரவலாக எழுதப்படுகிறது. லெபனான் நாட்டின் மக்கள்தொகையைவிட அது அதிகம்! கொள்ளுத் தாத்தா ஒருவர் அங்கிருந்து வந்திருந்தால்கூட அந்தக் கணக்கில் சேரலாம். குடியேறியவர் எண்ணிக்கை வேறு, வம்சாவளி வேறு, மொழி பேசுவோர் வேறு. மூன்றையும் ஒரே வரிசையில் போட்டுக் கூட்டினால், மாம்பழத்தையும் மாங்கன்றையும் சேர்த்து எண்ணின கதைதான்.

"அப்படியானால் அரசாங்கக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே சார்?" என்று மாணவர்கள் கேட்பீர்கள். அதற்குத்தான் மூன்றாவது உதாரணம். ருமேனியாவில் 2011 கணக்கெடுப்பில் தங்களை ரோமா இனத்தார் என்று சொன்னவர்கள் சுமார் 6 இலட்சத்து 20 ஆயிரம். ஐரோப்பியக் கவுன்சிலின் மதிப்பீடு சுமார் 18 இலட்சத்து 50 ஆயிரம். மூன்று மடங்கு வித்தியாசம்! ரோமா என்று சொன்னால் வேலை கிடைக்காது, பள்ளியில் ஒதுக்குவார்கள் என்ற அச்சம் உண்டு. அதைவிடப் பழைய அச்சமும் உண்டு. நாஜிகள் ரோமா மக்களைப் பதிவேடு போட்டுப் பிடித்துக் கொன்றவர்கள். ஜனநாயக நாடான அமெரிக்காவிலேயே 1942இல் ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க 1940 கணக்கெடுப்பின் விவரங்கள் துணைபோயின. கதவைத் தட்டி "நீ யார்?" என்று கேட்கிறவர் நல்லவரா கெட்டவரா என்று தெரியாதபோது மனுஷன் மறைக்கத்தான் செய்வான். ஆகவே "அதிக எண் சொல்கிறவன் எல்லாம் வீண்பெருமை பேசுகிறவன்" என்று தள்ளிவிடவும் முடியாது.

நான்காவது, நமக்கு நெருக்கமானது. இலங்கையில் 1911 கணக்கெடுப்பிலிருந்து 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று தனித்தனியாகப் பதிகிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்த இரண்டாவது கட்டத்தில் வருகிறார்கள். 1971இல் நாட்டின் மக்கள்தொகையில் 9.3 சதவீதமாக இருந்தவர்கள், 1981இல் 5.5 சதவீதம், 2012இல் 4.1 சதவீதம். 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு வந்தது ஒரு காரணம். அங்கேயே இருந்தவர்களில் பலர் தங்களை 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டது இன்னொரு காரணம். அங்கேயே பிறந்து வளர்ந்தவரை எத்தனை தலைமுறைக்கு 'இந்தியத் தமிழர்' என்பது? 'மலையகத் தமிழர்' என்ற பெயரையே விரும்புகிறவர்கள் பலர். கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர் எந்தப் பெயரைப் போடுவார்? அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரைத் தலைப்பில் வைக்க வேண்டும், கணக்கெடுப்பு வைத்த பெயரை எண்ணுக்குப் பக்கத்தில் அப்படியே காட்ட வேண்டும் என்பது என் கருத்து. ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டினால், குறைந்தது மக்களா பெயரா என்பதே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

ஒரு பக்கத்தில் ஓர் எண் இருந்துவிட்டுப் போகட்டுமே, இதற்கு ஏன் இவ்வளவு கவலை? அந்த எண் அங்கேயே இருப்பதில்லை. நிருபர் அதை எடுத்துப் பத்திரிகையில் போடுவார். அடுத்த மாதம் இன்னொரு தொகுப்பாளர் அந்தப் பத்திரிகையையே ஆதாரமாகக் காட்டுவார். பாம்பு தன் வாலைத் தானே விழுங்கின மாதிரி வட்டம் முடிந்துவிடும். பிறகு மேடையில் ஒருவர் "நாங்கள் இத்தனை கோடி" என்பார், எதிர்மேடையில் ஒருவர் "அவர்கள் பெருகிவிட்டார்கள்" என்பார். இப்போது கணினிகளும் அதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகளுக்குப் பதில் சொல்கின்றன. எண்ணிக்கை குறைத்துக் காட்டப்பட்டால் ஒரு சிறு கூட்டத்தின் பள்ளிக்கூடமும் மொழியும் கேட்பாரற்றுப் போகும். கூட்டிக் காட்டப்பட்டால் பக்கத்து வீட்டுக்காரனுக்கே அவர்கள்மேல் பயம் வரும்.

தன்னார்வலர்கள் இதற்கு வழி காணாமல் இல்லை. இன்ன இனத்தின் புகழ்பெற்ற முகங்கள் என்று கட்டுரைகளின் தலையில் படவரிசை வைக்கும் வழக்கம் முன்பு இருந்தது. எந்த முகத்தைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்று ஓயாத சண்டை. 2016இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் எல்லாரும் கலந்து பேசி, இனக்குழுக் கட்டுரைகளில் அந்தப் படவரிசையே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் எண்ணை அப்படி எடுத்துவிட முடியாது. வாசகருக்கு அது தேவை.

ஆகவே தம்பி தங்கைகளே, நாளைக்கு நீங்கள் எழுத வந்தால், வரவேண்டும் என்பதுதான் என் ஆசை, நான்கு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எண்ணினார்கள்? எந்த ஆண்டு? என்ன கேள்வி கேட்டார்கள்? பதில் சொன்னவருக்குப் பயமோ ஆதாயமோ இருந்ததா? இரண்டு எண்கள் மோதினால் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். இரண்டையும் போட்டு, ஒவ்வொன்றும் எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எதிரில் வாதாடுகிறவர் தம் பாட்டியின் பெயரால் வாதாடுகிறார் என்பதையும் மறக்காதீர்கள். அவர் எண்ணை மறுக்கலாம், அவர் பாட்டியை மறுக்கக்கூடாது. சண்டை முற்றி, மனம் வெறுத்து, நன்றாக எழுதிக்கொண்டிருந்த ஒருவர் போய்விட்டால், அந்த நஷ்டத்தை எந்த எண்ணாலும் ஈடுகட்ட முடியாது.

நம் சங்கத்திலேயே பாருங்கள், உறுப்பினர் எத்தனை பேர் என்று கேட்டால் செயலாளர் ஒரு கணக்குச் சொல்வார், சந்தா கட்டியவர்களை மட்டும் எண்ணும் பொருளாளர் வேறு கணக்குச் சொல்வார். இருவரும் உண்மைதான் சொல்கிறார்கள்!