தெர்மாகோல் மேல் ஒரு கல்

தெர்மாகோல் என்று நான் சொன்னவுடனே உங்களில் பாதிப்பேர் சிரித்திருப்பீர்கள். டீக்கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தால் பக்கத்தில் நிற்பவரை ஒரு பார்வை பார்த்தும் இருப்பீர்கள். டி.வி. பெட்டிக்குள்ளும் கல்யாண மேடையிலும் மட்டும் நாம் பார்த்துவந்த அந்த வெள்ளை அட்டை, தமிழ்நாட்டின் நகைச்சுவைக்குள் நுழைந்த நாள் 2017 ஏப்ரல் 21.

இடம் வைகை அணை, ஆண்டிபட்டி பக்கம். அப்போது கூட்டுறவுத் துறை அமைச்சராக இருந்த செல்லூர் ராஜு வந்திருந்தார். ஆட்சியர் இருந்தார், பொறியாளர்கள் இருந்தார்கள், கேமராக்களும் இருந்தன. வெயிலில் அணைத் தண்ணீர் ஆவியாகிப் போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பது திட்டம். தெர்மாகோல் அட்டைகளை டேப் போட்டு ஒட்டி, பாய் விரிப்பதுபோல் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று அடித்தது. போன அட்டைகள் கரைக்கே திரும்பி வந்துவிட்டன. சில உடைந்தும் போயின.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். வடிவேலு முகமும் கவுண்டமணி முகமும் அணைக்கரைக்கு வந்து சேர்ந்தன. அடுத்த சில நாட்களுக்கு யார் கைப்பேசியைத் திறந்தாலும் உள்ளே தெர்மாகோல்தான். நானும் சிரித்தேன், நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இனி நான் சொல்லப் போவதெல்லாம் உபதேசம் மாதிரி ஆகிவிடும்.

எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு இருபது முப்பது கேலிப் படங்கள் வந்திருக்கும். நடுவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் ஒரே ஒரு வரி போட்டிருந்தாள். "சித்தப்பா, அட்டை போட்டா ஆவியாகுறது குறையுமா, குறையாதா?" அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. கீழே இன்னொரு கேலிப் படம் வந்தது, கேள்வி மேலே ஏறி மறைந்துபோனது. அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டிருந்தாள். எனக்கும் பதில் தெரியாது. அதனால் நானும் ஒரு சிரிக்கும் பொம்மையைப் போட்டுவிட்டு நகர்ந்தேன்.

பதிலைத் தேடிப் படித்தது பிறகுதான். குறையும்.

கொடியில் துணி காயப்போடுகிறவர்களுக்கு இது பாடமே இல்லாமல் புரியும். வெயில் ஒன்றாகவே இருந்தாலும், காற்றடிக்கிற நாளில் துணி சீக்கிரம் காய்கிறது. தண்ணீருக்கு மேலே ஈரக்காற்று ஒரு மெல்லிய போர்வைபோல் நிற்கும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டு வறண்ட காற்றைக் கொண்டுவந்து வைக்கும். தண்ணீர் மறுபடி ஆவியாகும். எவ்வளவு ஆழம் என்பது கணக்கே இல்லை. எவ்வளவு பரப்பு திறந்து கிடக்கிறது என்பதுதான் கணக்கு. அந்தப் பரப்பை எதைக் கொண்டு மூடினாலும் இழப்பு குறையத்தான் செய்யும்.

கோடையில் நம் பக்கத்து நீர்த்தேக்கத்தில் ஒரு நாளைக்கு 7 மில்லிமீட்டர் போகிறது என்று வையுங்கள். விரல் நகத்தின் உயரம்கூட இல்லை. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 7 மில்லிமீட்டர் என்றால் 70 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் சுமார் 580 லோடு. அது ஒரே ஒரு நாளில், சத்தமில்லாமல் ஆகாயத்துக்குப் போகிறது. அந்த வருஷம் எந்த வருஷம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 2016-இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. மதுரைக்காரர்கள் குடத்தோடு நின்ற கோடை அது. ஆவியாகிப் போகும் அணைத் தண்ணீரைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரோ நினைத்ததில் தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. தெர்மாகோல் என்பது பெரும்பாலும் காற்று. உள்ளே கொஞ்சமே கொஞ்சம் பிளாஸ்டிக். அந்தப் பக்கமோ காற்றாலை நாடு. ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும், வரிசையாகக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும். காற்றை நம்பி மின்சாரம் எடுக்கிற ஊரில், காற்றுக்குப் பறக்கிற அட்டையை நங்கூரம் இல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதோடு, அந்த அட்டை வெயிலில் மணிமணியாக உதிரும். குடிதண்ணீரில் அது நல்லதில்லை. இரண்டும் நியாயமான குற்றச்சாட்டுகள். இரண்டையும் கேலிப் படங்களில் நான் பார்த்ததாக ஞாபகமில்லை.

இன்னொன்றைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அமெரிக்காவின் அரிசோனா பாலைநிலத்தில் 1970-களில் இதே பொருளைக் கொண்டு, அதாவது நம்முடைய தெர்மாகோலைக் கொண்டே, சோதனை நடத்தியிருக்கிறார்கள். அட்டையின் மேல் தார் பூசி, அதன் மேல் பொடிக்கல் தூவி, ஒன்றோடொன்றைக் கோத்து மிதக்கவிட்டார்கள். வைகைக்கும் அரிசோனாவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் தாரும் பொடிக்கல்லும்தான்.

காற்றோடு மல்லுக்கட்டியவர்கள் வேறு பலரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1950-களில் சீட்டைல் ஆல்கஹால் என்ற மெழுகு போன்ற பொருளை நீர்த்தேக்கங்களில் தூவிப் பார்த்தார்கள். முகத்துக்குப் பூசுகிற கிரீமில்கூட அது இருக்கும். தண்ணீர் மேல் ஒரே ஒரு மூலக்கூறின் தடிமனுக்குப் படலமாய்ப் பரவி ஆவியை அடக்கும். காற்று பலமாக அடித்தால் படலம் கிழிந்து கரையில் ஒதுங்கிவிடும். இந்தியாவிலும் இதெல்லாம் தெரியாத விஷயம் இல்லை. மத்திய நீர் ஆணையம் 2006-இல் நீர்த்தேக்கங்களில் ஆவியாதலைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு புத்தகமே போட்டிருக்கிறது. வைகைக்குப் போகும் முன் அதை யாராவது புரட்டியிருந்தால் நமக்கு ஒரு சிரிப்பு குறைந்திருக்கும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதையையும் கேளுங்கள். 2015 ஆகஸ்டில் அந்த நகரத்து நீர்த்தேக்கம் ஒன்றில் கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகளைக் கொட்டி முடித்தார்கள். ஒன்று இரண்டு இல்லை, 9 கோடியே 60 லட்சம் பந்துகள். ஒவ்வொன்றும் மாம்பழ அளவு. செலவு 3 கோடியே 45 லட்சம் டாலர். மேயரே கரையில் நின்று கடைசிப் பந்துகளை உருட்டிவிட்டார். அங்கேயும் கேலி கிளம்பியது. பிள்ளைகள் விளையாடும் பந்துக் குழியை அரசாங்கச் செலவில் கட்டிவிட்டார்கள் என்றெல்லாம் பேசினார்கள். ஆனால் அந்தப் பந்துகள் பறக்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொரு பந்துக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடியிருந்தார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். தவிர, ஆவியைத் தடுப்பது அந்தப் பந்துகளின் முதல் வேலையும் இல்லை. தண்ணீரில் இயற்கையாக இருக்கும் புரோமைடு, குளோரின், வெயில் மூன்றும் சேர்ந்தால் புரோமேட் என்ற கெட்ட வேதிப்பொருள் உண்டாகும். வெயிலை மறைத்து அதைத் தடுக்கத்தான் கறுப்பு நிறம்.

மூன்று வருஷம் கழித்து, 2018-இல், விஞ்ஞானிகள் சிலர் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். வறட்சி நீடித்த சுமார் ஒன்றரை வருஷத்தில் அந்தப் பந்துகள் மிச்சம் பிடித்தது அதிகபட்சம் 17 லட்சம் கனமீட்டர் தண்ணீர். அந்தப் பந்துகளைத் தயாரிக்கச் செலவான தண்ணீர், பிளாஸ்டிக்கின் தடிமனைப் பொறுத்து, 29 லட்சம் கனமீட்டர் வரை இருக்கலாம். இப்போது சொல்லுங்கள், யார் சிரிக்கலாம், யாரைப் பார்த்து? கேலி செய்தவர்கள் ஒருவகையில் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டவர்கள் அவர்கள் இல்லை.

நமக்கு நையாண்டி புதிதில்லை. தெருக்கூத்தில் கட்டியக்காரன் ராஜாவையே வைத்துக்கொண்டு ராஜாவைக் கிண்டலடிப்பான். ஊரே சிரிக்கும், ராஜா வேஷக்காரர் முறைப்பார். ஆனால் ராத்திரி முழுக்க அந்தக் கூத்தை இழுத்துக்கொண்டு போகிறவனும் அவன்தான். கதையில் எந்தப் பாத்திரம் எப்போது வரும், ஏன் வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. தெரிந்துகொண்டு கிண்டலடிப்பதால்தான் அவன் பேச்சு தைக்கிறது. நம் கைப்பேசிக் கிண்டலுக்கு அந்தச் சிரமமெல்லாம் கிடையாது. செய்தியின் தலைப்பை மட்டும் படித்தால் போதும்.

கிண்டலடிக்கிறவன் எதையும் எளிதில் நம்பமாட்டான் என்று நாம் நினைக்கிறோம். அதுவும் சரியில்லை. தெர்மாகோலுக்கு ஐந்து மாதம் முன்னால், 2016 நவம்பரில், புது 2000 ரூபாய் நோட்டு வந்தது. அதற்குள் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்து வைத்தாலும் செயற்கைக்கோள் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஒரு கதை வந்தது. தொலைக்காட்சிகளில்கூட அதை விளக்கிச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக் குழுவில் அதைப் பக்தியோடு அனுப்பியவர்களும், ஏப்ரலில் விஞ்ஞானம் தெரியாத அமைச்சர் என்று சிரித்தவர்களும் அதே ஆட்கள்தான். மின்கலம் இல்லாத காகிதத்திலிருந்து செயற்கைக்கோளுக்கு எப்படிச் செய்தி போகும் என்று நவம்பரில் யாரும் கேட்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படித்தவர்கள், பெரிய பத்திரிகைகள் மட்டும் என்ன? அமெரிக்காவில் ராபர்ட் கோடார்ட் என்ற பேராசிரியர், ராக்கெட் வெற்றிடத்திலும் போகும், நிலா வரைக்கும்கூடப் போகலாம் என்று எழுதினார். 1920-இல் நியூயார்க் டைம்ஸ் தலையங்கமே எழுதி அவரை நக்கலடித்தது. உதைத்துத் தள்ளக் காற்று இல்லாத இடத்தில் ராக்கெட் எப்படி நகரும், பள்ளிப்பிள்ளைக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியவில்லையே என்ற தோரணையில். கோடார்ட் 1945-இல் இறந்துபோனார். 1969 ஜூலை 17 அன்று, அப்போலோ 11 நிலாவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தப் பத்திரிகை ஒரு சின்னத் திருத்தம் வெளியிட்டுத் தன் தவறை ஒப்புக்கொண்டது. 49 வருஷம் தாமதம். கேலி செய்யப்பட்டவர் அதைப் படிக்க இல்லை.

வைகைக் கதையை கோடார்ட் கதையோடு நான் சமமாக வைக்கவில்லை. கோடார்ட் கணக்குப் போட்டிருந்தார். வைகையில் கேமரா வருவதற்கு முன்னால் ஒரு சின்னக் குளத்தில்கூட யாரும் அதை ஒழுங்காகப் பரீட்சித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மக்கள் பணத்தை எடுத்து மக்கள் முன்னால் செய்கிற காரியத்தை மக்கள் கிண்டலடிக்கத்தான் செய்வார்கள். செய்யட்டும். என் வருத்தமெல்லாம் அந்தச் சிரிப்பு ஒரு கேள்வியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனதில்தான். அதன் பிறகு ஆவியாதல் என்று யார் வாயெடுத்தாலும், தெர்மாகோலா சார் என்று எதிரே இருப்பவர் கேட்டுவிடுகிறார். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆனால் வேலை நிற்கவில்லை. அதே 2017 டிசம்பரில், பக்கத்து மாநிலத்தில், வயநாட்டின் பாணாசுர சாகர் அணையில் மிதக்கும் சூரிய மின்நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். தண்ணீர் மேல் தகடுகளைப் பரப்பி, நீர்மட்டம் ஏறினால் ஏறவும் இறங்கினால் இறங்கவும் நங்கூரம் போட்டிருக்கிறார்கள். மின்சாரமும் வருகிறது, மூடிய இடத்தில் ஆவியும் குறைகிறது. நம் தூத்துக்குடியிலேயே ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தில் 2022-இல் அப்படி ஒன்று வந்துவிட்டது. அதைப் பற்றி எனக்கு ஒரு கேலிப் படமும் வரவில்லை, ஒரு பாராட்டும் வரவில்லை.

அண்ணன் மகளுக்கு நான் பதில் சொன்னது ஒரு வருஷம் கழித்து. வாயால் சொல்லவில்லை. மொட்டைமாடியில் ஒரே அளவு வட்டகை இரண்டு வைத்தோம். இரண்டிலும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர். ஒன்றில் மட்டும், பழைய மிக்சி வந்த பெட்டியின் தெர்மாகோலை வட்டமாக வெட்டி மிதக்கவிட்டோம். நாலு நாள் கழித்து அவளே ஸ்கேல் வைத்து அளந்தாள்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. வெயில் காலத்தில் உங்கள் வீட்டு மாடியிலும் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். காற்று அடிக்கும், அட்டை மேல் ஒரு சின்னக் கல்லை வைக்க மறந்துவிடாதீர்கள்.