பெயரில்லாத பெட்டிகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



யாழ்தேவியைத் தெரியாதவர் நம்மில் இல்லை. உடரட்ட மெனிக்கேயும் அப்படித்தான். ஆனால், அவற்றுக்கு வழிவிட்டு, ஏதோவொரு சிறிய நிலையத்தின் பக்கத் தண்டவாளத்தில் காத்து நின்ற சரக்குப் புகையிரதத்தின் பெயர் என்ன? அதற்குப் பெயர் கிடையாது. பெயருள்ளவை பற்றிப் பாட்டும் கதையும் பிறக்கின்றன. பெயரற்றவை பற்றி யார் எழுதுவது? அப்படி எழுதிய ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் பேனா பிடித்தவர் அல்லர். மெல்லிய கம்பியிலும் பிளாஸ்டிக்கிலும் எழுதியவர்.

2003ஆம் ஆண்டு படிப்பின் பொருட்டு இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதிக்குப் போயிருந்தேன். லோங் ஈட்டன் என்ற சிறிய நகரில், ஓய்வுபெற்ற புகையிரத கார்ட் ஒருவரின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அந்தப் பக்கத்து மக்கள் ஆண், பெண் என்றில்லாமல் எல்லோரையும் 'டக்' என்று அழைப்பார்கள். நேர்ப்பொருள் வாத்து. ஆனால் நமது ஊரில் 'ராசா' என்று சொல்வதில் உள்ள அதே வாஞ்சைதான் அதில் இருக்கிறது. முதல் வாரமே அவர் என்னை, "வா ராசா, என்னுடைய றெயிலைக் காட்டுகிறேன்" என்று மாடிக்கு அழைத்துப் போனார்.

மாதிரிப் புகையிரதங்கள் செய்வது அந்த நாட்டில் பெரியவர்களின் பொழுதுபோக்கு. 'பறக்கும் ஸ்கொட்லாந்துக்காரன்' போன்ற புகழ்பெற்ற எஞ்சின் ஒன்று பளபளவென்று நிற்கும் என எதிர்பார்த்துத்தான் போனேன். மேசை மீது நின்றதோ அழுக்கேறிய கறுப்பு எஞ்சின் ஒன்றும், அதன் பின்னால் துருப்பிடித்த ஐம்பது கரிப்பெட்டிகளும், கடைசியில் கார்டின் பிரேக் வண்டியும். அவ்வளவுதான். பயணிகள் பெட்டி ஒன்றுகூட இல்லை.

இந்தக் கலையின் அளவுகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிரித்தானியாவில் பெரிதும் புழங்குவது 'டபிள் ஓ' என்ற அளவு. உண்மையில் 76 அடி உள்ளது அங்கே ஓர் அடியாகும். அவர் கையாண்டது அதனிலும் சிறிய 'என்' அளவு. 148இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கிடையே 9 மில்லிமீற்றர். நமது சுண்டுவிரலின் அகலம்கூட இல்லை. "ஏன் இவ்வளவு சிறிதாக?" என்று கேட்டேன். அவர் கணக்குச் சொன்னார். டபிள் ஓ அளவில் ஐம்பது கரிப்பெட்டிகள் நின்றால் நீளம் நான்கு மீற்றரை நெருங்கும். சாதாரண வீட்டின் அறையில் அதற்கு இடமில்லை. பத்துப் பெட்டியோடு நிறுத்திவிட வேண்டியதுதான். என் அளவிலோ ஐம்பதும் ஏறத்தாழ இரண்டு மீற்றரில் அடங்கிவிடும். "பெரிய அளவில் செய்பவன் எஞ்சினின் முகத்தை வரைகிறான். எனக்கு முகம் வேண்டாம். நீளம் வேண்டும். சரக்கு வண்டி என்றால் அதன் நீளம்தான்" என்றார்.

அந்த எஞ்சின் '9எஃப்' என்ற வகை. 1954 முதல் 1960 வரை 251 எஞ்சின்கள் கட்டப்பட்டன. பத்து உந்து சக்கரங்கள். வளைவில் திரும்ப வேண்டும் என்பதற்காக நடுச் சக்கரங்கள் இரண்டுக்கும் விளிம்பு கிடையாது. இவற்றுள் கடைசியானது பிரித்தானியப் புகையிரதம் கட்டிய கடைசி நீராவி எஞ்சின். அதற்கு 'மாலை நட்சத்திரம்' என்று பொருள்படும் பெயர் சூட்டினார்கள். ஐந்தே ஆண்டுகளில் அது சேவையிலிருந்து விலக்கப்பட்டது. என்றாலும் கடைசியானது என்பதால் அரும்பொருளாகப் பாதுகாக்கப்பட்டது.

கரிப்பெட்டிகளின் கதை வேறு. 16 தொன் நிலக்கரி ஏற்றும் இரும்புப் பெட்டிகள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமாகக் கட்டப்பட்டன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போயின. அவருடைய ஐம்பது பெட்டிகளுக்கும் தனித்தனி இலக்கங்கள் இருந்தன. அவை கற்பனை இலக்கங்கள் அல்ல. டோட்டன் தரிப்பிடத்திலிருந்து கரி வண்டிகளில் போன காலத்தில் அவர் வைத்திருந்த குறிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. ஒரு பெட்டியில் கதவின் கீழே துரு. இன்னொன்றில் ஒரு தகடு மட்டும் புதியது; பழுதுபார்த்த இடம். பக்கவாட்டில் சரிவாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அலங்காரம் என்று நினைத்தேன். அந்தக் கோடு எந்த முனையை நோக்கி ஏறுகிறதோ அந்த முனையில்தான் திறக்கும் கதவு இருக்கிறதாம். கரியைக் கொட்டுகிறவனுக்கு இருட்டிலும் தெரிய வேண்டும் என்று போட்ட அடையாளம். பெட்டிகளில் நிரப்பியிருந்ததும் உண்மையான நிலக்கரிதான். சுத்தியலால் பொடித்து, சலித்து, ஒட்டியிருந்தார்.

ஒரு நாள் பேச்சு இலக்கியத்தின் பக்கம் திரும்பியது. 'தோமஸ்' என்ற சிறிய எஞ்சினின் கதைகளை உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். அவற்றை எழுதியவர் ஓட்ரி என்ற பாதிரியார். 1945இல் முதல் நூல் வந்தது. அவரும் மாதிரிப் புகையிரதம் செய்தவர்தான். அவருடைய கதைகளில் எஞ்சின்களுக்குப் பெயரும் குணமும் உண்டு. சரக்குப் பெட்டிகளோ ஒரு கூட்டம். குழப்படிக்காரக் கூட்டம். இறக்கத்தில் எஞ்சினைப் பின்னாலிருந்து தள்ளிவிட்டுச் சிரிக்கும்.

இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "ஓட்ரி பொய் சொல்லவில்லை. பெட்டிகள் தள்ளத்தான் செய்யும். ஆனால் அது குழப்படி அல்ல" என்றார். பிறகு விளக்கினார். அந்தக் காலத்துக் கரிப்பெட்டிகளில் எஞ்சினிலிருந்து இயக்கக்கூடிய பிரேக் கிடையாது. முன்னால் எஞ்சினுக்கு ஒரு பிரேக். பின்னால் கார்டின் வண்டிக்கு ஒரு கைப்பிரேக். இடையில் ஐம்பது பெட்டிகளும் மூன்று வளையச் சங்கிலிகளால் தளர்வாகக் கோக்கப்பட்டிருந்தன. இறக்கத்தில் எல்லாம் முன்னோக்கிச் சரிந்து முட்டும். ஏற்றத்தில் ஒவ்வொன்றாக இழுபடும். வெட்டி இழுத்தால் சங்கிலி அறும். கார்ட் இருட்டில் சத்தத்தை வைத்தே பாதையின் மேடுபள்ளங்களை அறிந்து, தன் பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் அந்தச் சங்கிலிகளை விறைப்பாக வைத்திருக்க வேண்டும். செங்குத்தான இறக்கம் வந்தால் வண்டியை நிறுத்தி, பெட்டி பெட்டியாக நடந்து, கைநெம்புகோலைக் கம்பால் அழுத்திப் பூட்ட வேண்டும். "கதையில் பெட்டிகளுக்கு வாய் உண்டு, கடைசியில் நின்றவனுக்கு வாய் இல்லை" என்றார்.

அவருடைய மாதிரி வண்டியில் இந்தத் தள்ளுமுள்ளு எதுவும் இல்லை. அதற்கும் கணக்கு இருக்கிறது. கரி நிரம்பிய உண்மைப் பெட்டி ஏறத்தாழ 24 தொன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 148இல் ஒரு பங்காகும்போது, எடை 32 இலட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஏழு கிராம் சொச்சம். "உருவத்தைச் சுருக்கினேன் ராசா, பாரம் ஓடிப் போய்விட்டது" என்று அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. கலைஞர்கள் யாவரும் சந்திக்கும் நட்டம் அல்லவா அது?

இனி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என் அளவுப் பெட்டிகளைக் கடையில் வாங்கினால், இரு முனையிலும் தடித்த பிளாஸ்டிக் கொழுக்கி ஒன்று இருக்கும். ஜெர்மனியின் ஆர்னோல்ட் நிறுவனம் 1960களில் கொண்டுவந்த வடிவம். பெட்டிகளைத் தள்ளினால் தானே கொளுவிக்கொள்ளும். பெட்டியின் அளவுக்கு அது மிகப் பெரியது. ஆனாலும் பழகியவர்கள் கண்டுகொள்வதில்லை. இவர் மட்டும் அதை வெட்டி எறிந்துவிட்டு, மயிரிழை போன்ற கம்பியை ஊசியில் சுற்றி வளையம் வளையமாக அறுத்து, உண்மையான மூன்று வளையச் சங்கிலி செய்துகொண்டிருந்தார். ஒரு வளையம் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. பூதக்கண்ணாடிக்குக் கீழே, நடுங்கும் கையால். அன்றைக்குப் பதினெட்டுப் பெட்டிகள் முடிந்திருந்தன.

நான் சிறிது வாதாடினேன். "ஒன்பது மில்லிமீற்றரை 148ஆல் பெருக்கினால் 1332 வருகிறது. உண்மைத் தண்டவாள அகலமோ 1435. பத்துச் சென்ரிமீற்றர் பொய்யை நீங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கொழுக்கியை மட்டும் ஏன் ஏற்க முடியவில்லை?"

அவர் சாவணத்தைக் கீழே வைத்தார். "அகலக் குறைவால் ஒரு மனிதனும் காணாமல் போவதில்லை" என்றார். பிறகுதான் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா ஒரு சிறிய தரிப்பிடத்தில் பெட்டிகளைக் கொளுவும் தொழிலாளி. ஆள் உயரக் கம்பு, அதன் நுனியில் ஒரு கொக்கி. ஓடிவரும் பெட்டியோடு கூட ஓடி, பக்கத்தில் நின்றபடியே கம்பால் சங்கிலியைத் தூக்கி அடுத்த பெட்டியின் கொக்கியில் மாட்ட வேண்டும். 1951இல் பனிமூட்டமான ஓர் இரவு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் அகப்பட்டு அவர் இறந்து போனார். மகனுக்கு அப்போது ஒன்பது வயது. "தானே கொளுவிக்கொள்ளும் கொழுக்கியைப் போட்டால், என் வண்டியில் அப்பாவுக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது."

நான் ஒன்றும் பேசவில்லை. அவரே, "நீ ஒன்றைக் கொளுவிப் பார்" என்று சிறிய கம்பிக் கொக்கி ஒன்றைக் கையில் தந்தார். பூதக்கண்ணாடி, மேசை விளக்கு, அசையாமல் நிற்கும் பெட்டி, உட்கார நாற்காலி எல்லாம் இருந்தன. வளையம் வழுக்கியது. பெட்டி உருண்டது. மூச்சு விட்டாலும் சங்கிலி ஆடியது. ஒரு கொளுவலுக்குப் பத்து நிமிடம் எடுத்தேன். "அப்பாவுக்குச் சில விநாடிதான்" என்றார் அவர். "மழையில். ஒரு கையில் விளக்கோடு."

அந்த அறையின் யன்னலைத் திறந்தால் ராட்கிளிஃப் அனல் மின்நிலையத்தின் எட்டுக் குளிரூட்டும் கோபுரங்கள் தெரியும். 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி அது மூடப்பட்டது. பிரித்தானியாவில் நிலக்கரியால் இயங்கிய கடைசி மின்நிலையம் அதுதான். அதற்குக் கரி கொண்டுபோன கடைசி வண்டி அந்த யூன் மாதத்திலேயே போய்விட்டது. செய்தி கேட்டதும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். வயது எண்பத்திரண்டு. கை ஓய்ந்துவிட்டதாம். முப்பத்தொரு பெட்டிகளுக்குச் சங்கிலி; முப்பத்திரண்டாவதன் ஒரு முனையில் சங்கிலி, மறுமுனையில் பிளாஸ்டிக் கொழுக்கி; மற்றவற்றுக்கெல்லாம் கடைக் கொழுக்கிதான்.

"மிச்சத்தை வேறு யாரையாவது கொண்டு செய்விக்கலாமே" என்றேன்.

"வேண்டாம் ராசா. சங்கிலி எங்கே முடிகிறதோ, அந்த இடத்தைப் பார்ப்பவன் ஏன் என்று கேட்பான். கேட்டால் நீ சொல்லு."

புகை போனது நல்லதே. கரியைக் கொண்டாட நான் வரவில்லை. அவரும் கொண்டாடியவர் அல்லர். ஆனால் ஒரு தொழில் மறையும்போது எஞ்சின்கள் அரும்பொருட்சாலைக்குப் போகின்றன, பெட்டிகள் உலைக்குப் போகின்றன, கம்பு பிடித்த கைகள் எங்கும் போவதில்லை. அவற்றுக்கு எங்காவது ஓர் இடம் வேண்டும். அது இரண்டு மில்லிமீற்றர் இடமாக இருந்தாலும் சரி. எழுதுகிறவர்களாகிய நாமும் எங்கோ ஒரு பொய்யை ஏற்றுக்கொண்டுதான் எழுதுகிறோம். எந்தப் பொய்யால் ஒரு மனிதன் காணாமல் போகிறான் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.