போத்தனூர்ல 'கெட் டவுன்' ஆகலாமா?

ரயில்ல உக்காந்து இதைக் கேக்கறவங்க நெறைய பேர் இருப்பீங்க, அதனால ரயில்ல இருந்தே ஆரம்பிக்கறேன்.

எங்க போத்தனூர் ஒரு ஜங்ஷன். கேரளா பக்கம் போற சில வண்டிங்க கோயமுத்தூர் ஜங்ஷனுக்குள்ள நுழையாம, இருகூர்ல பிரிஞ்சு நேரா இங்க வந்துடும். அந்த வண்டியில வர்றவங்க போன்ல சொல்றது: "ஐ வில் கெட் டவுன் அட் போத்தனூர்." நாமளும் ஸ்டேஷனுக்குப் போய் நிப்போம். யாருக்கும் குழப்பம் இல்லை.

ஆனா எங்க வீதியில ஒரு தம்பி, வெளிநாட்டு வேலைக்கு போன்ல இன்டர்வியூ. பேச்சுவாக்குல 'கெட் டவுன் ஃப்ரம் தி பஸ்'னு சொல்லியிருக்கார். அந்தப் பக்கம் லேசா ஒரு சிரிப்பு. அதுக்கப்புறம் தம்பிக்கு வாயே வரல. வேலையும் போச்சு. "அண்ணா, நான் அப்படி என்ன தப்பா சொல்லிட்டேன்?"னு வந்து கேட்டார்.

பெரிய தப்பு ஒண்ணும் இல்லீங்க. தமிழ்ல பஸ், கார், மரம், கிணறு எல்லாத்துக்கும் 'எறங்கு' ஒண்ணே போதும். அதை அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டு போறோம். இந்தியா முழுக்க இது புழக்கத்துல இருக்கு. குதிரை, ஏணி மாதிரி உசரத்துல இருந்து எறங்கினா வெள்ளக்காரங்களும் 'கெட் டவுன்'தான். ஆனா பஸ், ரயில், விமானம், சைக்கிள்னா அவங்களுக்கு 'கெட் ஆஃப்'. கார், ஆட்டோ, டாக்சின்னா 'கெட் அவுட் ஆஃப்'. உள்ள எந்திரிச்சு நடக்க முடியற வண்டின்னா 'ஆஃப்', குனிஞ்சு நுழையற வண்டின்னா 'அவுட்' — சைக்கிளை மட்டும் தனியா ஞாபகம் வெச்சுக்கோங்க. நம்மூர்ல 'கெட் அவுட்'னாலே வெளிய போடான்னு திட்டற மாதிரி இருக்கறதால, கார் விஷயத்துல அதைச் சொல்லக் கூசுது. பழகிக்கணும், வேற வழியில்லை.

மனசு சோர்ந்து போறதுக்கும் இதே சொல்தான். 'திஸ் வெதர் கெட்ஸ் மீ டவுன்'னா, இந்த வானிலை என்னைச் சோர்வாக்குதுன்னு அர்த்தம். பின்னாடி ஒரு 'டு' சேர்ந்து 'கெட் டவுன் டு வொர்க்'னு வந்தா, அரட்டையை விட்டுட்டு வேலையை ஆரம்பிக்கறது.

இப்ப முக்கியமானது. அந்தத் தம்பிக்கு வேற ஒரு கட்டுமான வேலை கெடச்சு, அடுத்த மாசம் கிளம்பறார். அவருக்கு இதைத்தான் மூணு தடவை சொன்னேன்: சாரத்து மேல நிக்கறப்ப யாராவது 'கெட் டவுன்'னா, கீழ எறங்கு. சமதரையில நிக்கறப்ப 'கெட் டவுன்!'னு கத்தினா, உடனே குனி, இல்லாட்டி தரையோட தரையா படு. தலைக்கு மேல ஏதோ வருதுன்னு அர்த்தம். 'எங்கிருந்து எறங்கறது?'னு யோசிச்சுட்டு நிக்கக் கூடாது.

கேட்டுட்டு தம்பி கேட்டார்: "அப்ப நம்மூர் கண்டக்டர்கிட்ட 'கெட் ஆஃப்'னு சொல்லோணுமாங்ண்ணா?"

கண்டக்டர்கிட்ட தமிழ்லயே சொல்லுங்க தம்பி. போத்தனூர்ல எறங்கோணுமுங்கன்னு.