மூட்டையைப் படிப்போம்
(தொடர்கல்வி மையத்தில் பேசியது)



நம்மில் பலர் பசு வளர்க்கிறோம். சித்தூர்ப் பக்கம் வயலை ஒட்டித் தொழுவம். மூணாறுப் பக்கம் லயத்துக்குப் பின்னால் தொழுவம். தீவனம் கடையில் வாங்குகிறோம். "விலை என்ன?" என்று கேட்கிறோம். "உள்ளே என்ன இருக்கிறது?" என்று கேட்பதில்லை.

மூட்டையில் பெரும்பாலும் மலையாளமும் ஆங்கிலமும்தான் இருக்கும். கவலை வேண்டாம். எண் எல்லோருக்கும் ஒன்றுதான். புரோட்டீன், அதாவது புரதம். மாயிஸ்சர், அதாவது ஈரம். இந்த இரண்டு சொற்களையும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். வடிவத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தயாரித்த தேதியைப் பாருங்கள். பிறகு ஐ.எஸ். 2052 என்ற எண்ணைத் தேடுங்கள். அது மாட்டுத் தீவனத்துக்கான இந்தியத் தர எண். 2009-ஆம் ஆண்டுத் தரப்படி, முதல் வகைத் தீவனம் 100 கிலோவில் புரதம் 22 கிலோவுக்குக் குறையக் கூடாது. இரண்டாம் வகையில் 20 கிலோ. ஈரம் 11 கிலோவைத் தாண்டக் கூடாது.

எண் மட்டும் போதுமா? போதாது. 2007-இல் அமெரிக்காவில் விற்ற நாய், பூனைத் தீவனத்தில் மெலமின் கலந்திருந்தது. அது பிளாஸ்டிக் செய்யும் பொருள். சோதனையில் புரதம்போலக் கணக்கில் ஏறும். அதைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன.

ஆகவே கையும் மூக்கும் வேலை செய்யட்டும். ஒரு பிடி தீவனத்தைத் தம்ளர் தண்ணீரில் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும். உமி மிதக்கும். முகர்ந்து பாருங்கள். பூசண வாடை அடித்தால் வேண்டாம்.

போன மழைக்காலத்தில், விலை குறைவு என்று எங்கள் வீட்டில் ஒரு மூட்டை வாங்கினோம். அடியில் கட்டி கட்டியாகப் பச்சைப் பூசணம். "மாடுதானே தின்னுது, போடு" என்றார் அம்மா. "மாடு தின்னா பாலில் வரும்மா" என்றேன்.

பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். 1960-இல் இங்கிலாந்தில் அப்படிப்பட்ட புண்ணாக்கைத் தின்று சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. பசு தின்றால் நஞ்சு பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்.

அம்மா யோசித்தார். பிறகு அவரே குழி வெட்டி மூட்டையைப் புதைத்தார். பணம் போனதில் வருத்தம்தான். இப்போது பலகைமேல், சுவரில் படாமல் மூட்டையை வைக்கிறோம்.

இன்றே உங்கள் மூட்டையைத் திருப்பிப் பாருங்கள். தேதி, புரதம், ஈரம் மூன்றையும் நோட்டில் எழுதி நாளை கொண்டு வாருங்கள். சேர்ந்து படிப்போம்.