கடல் கடந்து வரும் கலியாணமும் சிக்கனமும்

(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது எமது முன்னோர் வாக்கு. அம்முன்னோர் காலத்தில் மாப்பிள்ளை அடுத்த குறிச்சியிலிருந்து மாட்டுவண்டியில் வந்தார். இன்று அவர் ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஆகாய விமானத்தில் வருகிறார். அவரோடு பெற்றாரும் பெரியதாய் சின்னம்மா குடும்பங்களும் வருகின்றன. பிறந்த மண்ணில், பேரன் பேர்த்தியின் கலியாணத்தைக் கண்ணாற் காணவேண்டும் என்ற பாட்டிமாரின் ஆசைக்காகவே பலரும் இவ்வாறு வருகின்றனர். அது போற்றத்தக்க ஆசை. ஆனால் அதன் பெயரால் நடைபெறும் செலவு முழுவதும் போற்றத்தக்கதா என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த விடயம்.

கலியாணமாகாத மாணவனுக்குக் கலியாணச் செலவைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் நகைக்கலாம். 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எமது அக்காவின் விவாகம் யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. மாப்பிள்ளை வெளிநாட்டவர். அவ்விவாகத்தின் கணக்குக் கொப்பியை எழுதியவர் நாமே. அக்கொப்பியே எமது உரிமை; அதுவே எமது ஆசானும் ஆகும்.

கொப்பியைப் புரட்டும்போது செலவுகள் நான்கு பிரிவாக நிற்கக் காண்கிறோம்: பிரயாணம், சடங்கு, சாப்பாடு, சோடினை. இவற்றுள் சடங்கே கலியாணம். மற்றவை அதனைச் சூழ்ந்தவை. ஆனால் கொப்பியிலோ சடங்கின் பக்கம் மிகச் சிறியது! ஓமத்துக்கு நெய்யும் சமித்தும், மஞ்சளும் தேங்காயும், அறுகும் பாலும், முளைப்பாலிகைக்கு நவதானியமும், குருக்களுக்குத் தட்சணையும் சேர்த்துப் பார்த்தால், ஓர் ஏழைக் குடும்பமும் தாங்கக்கூடிய தொகையே வரும். பொன்னுருக்குதலுக்கு வேண்டியதும் ஒரு சிறு பொன் நாணயமே. ஆதலின் "சிக்கனம் செய்தால் சாஸ்திரம் குறைந்துவிடும்" என்று அஞ்சுவோர் அஞ்சவேண்டியதில்லை. சாஸ்திரம் கேட்பது கொஞ்சம். கேட்பவர் வேறு யாரோ!

நிற்க. முதலிற் பிரயாணத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பாடசாலைகளின் நீண்ட விடுமுறை யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வருகிறது. அக்காலத்தில் விமானச்சீட்டின் விலை ஏறிவிடுகிறது. ஆனால் ஆடி மாதத்தில் எம்மவர் விவாகம் செய்வதில்லை. ஆடி முடிவதோ ஓகஸ்ட் நடுப்பகுதியில். ஆகவே விடுமுறைக் கலியாணங்கள் யாவும் ஆவணியின் முதற் பதினைந்து நாட்களுக்குள் நெருக்குண்கின்றன. அதே காலத்திலேதான் நல்லூர்க் கந்தனின் 25 நாள் மகோற்சவமும் வருகிறது. விடுதியில் இடமில்லை, வானுக்கு இருமடங்கு கேட்கிறார்கள், மண்டபக்காரர் சொன்னதே விலை. நாம் அந்நாளைத் தெரிந்தெடுத்ததினாலேயே பாதி நட்டம் நேர்ந்தது என்பதைக் கொப்பி கூறுகிறது.

இதற்கு மாற்று யாது? தை மாதம். மார்கழி கழிந்ததும் தைப்பொங்கலோடு முகூர்த்தங்கள் திறக்கின்றன. நத்தார், புதுவருடக் கூட்டம் ஓய்ந்துவிடுவதால் விமானச்சீட்டும் இறங்குகிறது. மாரிமழையும் பெரும்பாலும் விட்டு, முற்றத்துப் பந்தலுக்கு ஏற்ற குளிர்ந்த காலமாக அது அமைகிறது. வைகாசியும் நன்று. பாடசாலைப் பிள்ளைகள் வரமுடியாதே என்பர். உண்மைதான். ஆனால் பிள்ளைகளுடைய விடுமுறைக்காக முழுக் குடும்பமும் கடன்படுவதா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

வழியையும் சிந்திக்கவேண்டும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வருவோரை ஏற்றிவரத் தனித்தனி வான் பிடித்தலே எம்மவர் வழக்கம். வடபகுதிப் புகையிரதம் 2014ஆம் ஆண்டு மீண்டும் யாழ்ப்பாணம் வந்துவிட்டது. முற்கூட்டியே ஆசனம் பதிந்தால் முதியோரும் அதில் சுகமாக வரலாம். பலாலி விமானத்தளம் 2019ஆம் ஆண்டு சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. சென்னை வழியாக வருவோர் கூறைச்சேலையையும் அங்கேயே வாங்கி வரலாம். ஆனால் கூறைக்காகவே இங்கிருந்து நால்வர் சென்னைக்குப் போய்வருதல் சிக்கனமன்று. சேலையில் மிச்சம் பிடித்ததைப் பிரயாணமும் விடுதியும் விழுங்கிவிடும்.

விமானச்சீட்டு வாங்குமுன் செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. அது விவாகப் பதிவைப் பற்றிய விசாரணை. பிறநாட்டுப் பிரசையாயின் கடவுச்சீட்டு, பிறப்பத்தாட்சி, விவாகமாகாதவர் என்ற அத்தாட்சி முதலியன வேண்டப்படும். எவை வேண்டும், எத்தனை நாள் செல்லும் என்று பதிவாளரிடம் முதலிலே கேட்டறிந்து, பத்திரங்கள் கைக்கு வந்தபின் நாள் வைத்தல் நன்று. எமது அத்தானின் பத்திரம் ஒன்று பிந்தி வந்தது. அதன் பயனாகப் பதினொருவருடைய சீட்டுகளை மாற்றவேண்டியதாயிற்று. அந்தத் தண்டப்பணம் கொப்பியில் ஒரு தனிப்பக்கத்தை நிரப்பி நிற்கிறது.

அடுத்தது சாப்பாடு. இங்கே நாம் சிறுவயதிற் கேட்ட ஒரு கதை ஞாபகம் வருகிறது. நாம் படித்தது மிசன் பாடசாலை. கானாவூர்க் கலியாணத்திலே விருந்தின் நடுவே திராட்சரசம் தீர்ந்துபோனதையும், அற்புதத்தால் அது நிறைந்ததையும் அங்கு பலமுறை கேட்டிருக்கிறோம். அன்று அற்புதத்தை எண்ணி வியந்தோம். இன்று அந்தக் கலியாண வீட்டாரின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்பதையே எண்ணுகிறோம். சபை நடுவே குறை வந்துவிடுமோ என்ற அச்சம் எச்சமயத்தாருக்கும் ஒன்றே. அந்த அச்சமே வீண்செலவின் தாய். அறுநூறு பேருக்குச் சொல்லி, எழுநூறு பேருக்குச் சமைப்பித்து, மிஞ்சியதை மாலையில் குழி வெட்டிப் புதைக்கிறோம்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஓர் இலைக்கு 2000 ரூபா எனக் கொள்வோமாயின், முந்நூறு பேரைக் குறைத்தால் 6 இலட்சம் மிஞ்சும். அவர்களுக்குரிய கதிரை, பலகாரப் பெட்டி, அழைப்பிதழ், மண்டபத்தின் பருமன் யாவும் உடன் குறையும். ஆகவே சிக்கனத்தின் திறவுகோல் அழைப்புப் பட்டியலே. பலகாரத்தையும் விலைக்கு வாங்குவதை விட்டு, அயலவர் கூடிப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் சுட்ட பழைய வழக்கத்தை மீட்டால், பணமும் மிஞ்சும், உறவும் வளரும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் அந்த அடுப்படிக் கூட்டத்தைக் கண்டு மகிழ்வதைப்போல் மண்டபத்தைக் கண்டு மகிழ்வதில்லை. எமது வீட்டில் நாம் நேரே கண்டது இது.

இனிச் சோடினை. மணவறை, மின்விளக்கு, வீடியோ, வானத்திற் பறக்கும் கமரா, கலியாணத்துக்கு முன்னரே ஒரு படப்பிடிப்பு என்று இது வளர்ந்துகொண்டே போகிறது. எல்லாவற்றையும் வேண்டாமென்று கூற நாம் துறவிகளல்லர். ஒன்றைத் தெரிந்தெடுத்து மற்றவற்றை விடுங்கள் என்கிறோம். நகையிலும் அப்படியே. பொன்னின் விலை உலக விலை. அதில் பேரம் பேச இடமில்லை. செய்கூலியிலும் சேதாரத்திலுமே வித்தியாசம் உண்டு. நுண்ணிய வேலைப்பாட்டைக் குறைத்தால் அதே பவுணுக்குப் பெருந்தொகை மிஞ்சும். இங்கே கலியாணம், அங்கே போய் மற்றுமொரு பெரிய விருந்து என்று இரட்டைக் கலியாணம் செய்வோரும் உளர். இங்கு வரமுடியாதவருக்கு அங்கு ஒரு தேநீர் உபசாரம் போதாதோ?

அன்பர்களே, இதுவரை கூறியது வருவோரின் சிக்கனம். இருப்போரின் நிலையையும் சிறிது கூறுவோம். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் ஏறிற்று. டொலரில் உழைப்பவருக்கு இங்குள்ள மண்டபம் மலிவாகத் தோன்றியது. ரூபாவில் உழைக்கும் பெண்வீட்டாருக்கோ அதே மண்டபம் மலையாயிற்று. "வெளிநாட்டுக்காரர் என்ன நினைப்பினம்?" என்ற ஒரே கேள்விக்கு அஞ்சி எமது தந்தையார் நாலு பரப்புத் தோட்டக்காணியை ஈடு வைத்தார். வெங்காயமும் புகையிலையும் விளைந்து எம்மைப் படிக்கவைத்த காணி அது. அது இன்னும் மீளவில்லை.

கலியாணம் முடிந்து விமான நிலையத்தில் விடைபெறும்போது அத்தான் எம்மைத் தனியே அழைத்துக் கூறினார்: "தம்பி, அப்பாச்சியின்ரை வீட்டு முற்றத்திலை ஒரு பந்தல் போட்டிருந்தாலே எனக்குக் காணும். ஒருதரும் என்னைக் கேக்கேல்லையே."

உண்மை. ஒருவரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. அவர்கள் எதிர்பார்ப்பார்கள் என்று நாங்கள் செய்தோம். நாங்கள் விரும்புகிறோம் என்று அவர்கள் சம்மதித்தார்கள். இரு வீட்டாரும் ஒருவர் விரும்பாததை மற்றவருக்காகச் செய்து கடன்பட்டோம். ஆதலின் சிக்கனங்களுள் தலையாய சிக்கனம் வாய் திறந்து கேட்பதே. நாள் வைக்கும் முன்னரே இரு பகுதியாரும் மணமக்களை நடுவில் இருத்தி, "உங்களுக்கு எது வேண்டும்? எம்மால் இவ்வளவே முடியும்" என்று கூசாது பேசிவிட வேண்டும். அப்பேச்சுக்கு ஒரு சதமும் செலவில்லை.

எமது சங்கமும் செய்யக்கூடிய தொண்டு உண்டு. பெரிய பாத்திரங்களும் பாய்களும் கதிரைகளும் சிலவற்றைச் சங்கத்துக்கு வாங்கி, வேண்டுவோருக்குச் சிறு கட்டணத்தில் கொடுக்கலாம். பந்தற்கால் நடவும் பந்தியிற் பரிமாறவும் வாலிபர் முன்வரலாம். நாமே முதலில் பெயர் தருகிறோம். அடுத்த தையில் எவர் வீட்டு முற்றத்திலாவது பந்தல் எழுமாயின், அங்கே வாழையிலை போடுவது எமது பொறுப்பு.