காது கேட்காத மணி

(பட்டிமன்றத் தலைப்பு: விசுவாசம் வளர்வது பெரிதும் போதனையாலா? அனுபவத்தாலா? ‘அனுபவத்தாலே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! தீர்ப்பு வருவதற்கு முன்னாலேயே ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! 

எனக்கு முன்னால் பேசிய தங்கச்சி, ரோமர் பத்தாம் அதிகாரத்தைத் தூக்கி மேஜை மேல வச்சிட்டுப் போயிட்டாங்க. காதால கேட்டாத்தான் விசுவாசம் உண்டாகும்னு பவுலே எழுதிட்டார், அப்புறம் என்ன அனுபவம்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. ஆனா ஒண்ணு சொல்றேன் நடுவர் அவர்களே. எனக்கு விசுவாசம் சொல்லிக் கொடுத்தவனுக்குக் காதே கேட்காது. அவன் எங்க வீட்டு நாய்! (சிரிப்பு)

சிரிக்காதீங்க. நம்ம தமிழைப் பாருங்க. கோயிலுக்குள்ள கடவுள்மேல வைக்கிறதுக்கு என்ன பேரு? விசுவாசம். வீட்டு வாசல்ல நாய் நம்மமேல வைக்கிறதுக்கு என்ன பேரு? அதுவும் விசுவாசம். ஒரே வார்த்தை! கத்தோலிக்கக் கோயில்கள்ல ஆரோக்கியநாதர் சொரூபத்தைப் பார்த்திருப்பீங்க. காலடியில, வாயில ரொட்டியோட ஒரு நாய் நிக்கும். கொள்ளைநோய் வந்து மனுஷங்க ஒதுங்கின நேரத்துல அவருக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தது அந்த நாய்னு சொல்லுவாங்க. ஆக, நாயை மேடைக்குக் கொண்டுவந்தது நான் மட்டும் இல்லை.

2010இல் என்னிடம் படித்த பையனோட அப்பா ஒரு குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அசல் ராஜபாளையம். பால் வெள்ளை, ரோஜாப்பூ நிறத்துல மூக்கு. “விலை என்னங்க?”ன்னேன். “சும்மா வச்சுக்கோங்க சார், காது கேட்காது”ன்னார். அந்த ஜாதியில சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாப் பிறக்கும். அந்த வெள்ளை நிறத்துக்கும் செவிட்டுத்தனத்துக்கும் சம்பந்தம் உண்டு. காவலுக்கு ஆகாதுன்னு காசு கொடுத்து யாரும் வாங்க மாட்டாங்க.

என் மனைவி சும்மா இருந்தாளா? அதுக்குப் பேரு வச்சா பாருங்க... மணி! நான் சொன்னேன், “ஏம்மா, பக்கத்துல மணி அடிச்சாலே கேட்காது, அதுக்குப் பேரு மணியா?” அவ சொன்னா, “அதுக்குக் கேட்காட்டி என்னங்க, கூப்பிடுற நமக்குக் கேட்குதுல்ல!” (கைதட்டல்)

செவிட்டு நாயை வளர்த்துப் பார்த்தாத்தான் தெரியும். கூப்பிடணும்னா தரையைக் காலால தட்டணும், அந்த அதிர்வு அதோட பாதத்துக்குப் போகும். ராத்திரி தோட்டத்துல நின்னா டார்ச் லைட்டை அடிச்சு அணைக்கணும். தூங்கும்போது திடீர்னு தொட்டா பதறிடும். உள்ளங்கையை மூக்குப் பக்கத்துல கொண்டு போகணும், நம்ம வாசனையில எழுந்திரிக்கும். வெளியில கூட்டிட்டுப் போனா, பத்தடிக்கு ஒரு தடவை நின்னு திரும்பிப் பார்ப்பான். நான் வர்றேனா, என் கை என்ன சொல்லுதுன்னு. காது இருக்கிற நாய் அவ்வளவு தடவை திரும்பிப் பார்க்காது ஐயா!

மார்ட்டின் லுத்தர் வீட்டுலயும் ஒரு நாய் இருந்தது. பேரு டோல்பெல். சாப்பாட்டு மேஜையில அவர் கையிலிருந்த கறித்துண்டை அது கண் கொட்டாமப் பார்த்ததாம். வேற எந்த நினைப்பும் இல்லாத இந்தப் பார்வை நம்ம ஜெபத்துல வந்தா எப்படி இருக்கும்னு ஏங்கினாராம் அவர். நாமளும்தான் ஜெபம் பண்றோம். கண்ணு மூடியிருக்கும், நினைப்பு அடுப்புல வச்ச பால்மேல இருக்கும்! (சிரிப்பு)

நடுவர்: அப்போ பிரசங்கமே வேண்டாங்கிறீங்களா?

வேணும் ஐயா, வேணும். ஆனா சமையல் குறிப்பைப் படிச்சா பசி ஆறாது. மத்தேயுவையே எடுத்துக்குவோம். பதினாலாம் அதிகாரத்துல பேதுரு. தினமும் பக்கத்துல இருந்து போதனை கேட்டவர். தண்ணிமேல நடக்கும்போது பயந்து முங்கினார். உனக்கு விசுவாசம் கொஞ்சம்தான்னு ஆண்டவர் சொல்லிட்டார். அடுத்த அதிகாரத்துல ஒரு கானானியப் பெண். வேற ஜாதி. போதனைக் கூட்டத்துல உட்கார்ந்தவ இல்லை. மகளுக்காகக் கதறினா. முதல்ல ஆண்டவர் பதிலே சொல்லலை. அப்புறம் பிள்ளைகளோட அப்பத்தை நாய்களுக்குப் போடலாமான்னு கேட்டார். அவ கோவிச்சுக்கிட்டுப் போகலை. நாயாவே இருந்துட்டுப் போறேன், மேஜையிலிருந்து விழற துணுக்கு நாய்க்கும் உண்டேன்னா. உன் விசுவாசம் பெரிசுன்னு பேர் வாங்கினா! வகுப்புல முதல் பெஞ்சுல இருந்தவருக்கு அந்த மார்க்கு. வாசலுக்கு வெளியே நின்னவளுக்கு இந்த மார்க்கு! (பலத்த கைதட்டல்)

இனி சொல்லப்போறதைக் கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

2011இல் என் மனைவிக்குப் புற்றுநோய். ஜெபம் பண்ணாத நாள் இல்லை. சபையே ஜெபித்தது. நவம்பர் மாசம் அவள் போய்விட்டாள்.

குருவானவர் வந்தார், நல்ல மனுஷர். வசனம் சொன்னார். எத்தனை பேர் வந்து எத்தனை ஆறுதல் சொன்னாங்க! எனக்குக் காது நல்லாத்தான் இருந்தது. ஒண்ணுமே கேட்கலை. அந்த வீட்டுல அப்போ ரெண்டு செவிடு. கோயிலுக்குப் போறதை விட்டுட்டேன். கடவுளுக்குத்தான் காது கேட்கலைன்னு நினைச்சேன்.

அடுத்த வருஷம், 2012. அப்போ கரண்ட் கட் எப்படி இருந்ததுன்னு உங்களுக்கே தெரியும். ஒரு ராத்திரி பளிச்சுன்னு எல்லாம் அணைஞ்சது. கண்ணுக்குத் தெரியாத இருட்டு. மணிக்குக் கேட்கவும் கேட்காது, இப்போ பார்க்கவும் முடியாது. கூப்பிட்டு என்ன பிரயோஜனம்? அவன் நகம் சிமெண்டுத் தரையில உரசுற சத்தம் மட்டும் எனக்குக் கேட்குது. நாற்காலியில இடிக்கிறான். சுவத்துல இடிக்கிறான். மோந்துகிட்டே வந்து, என் பாதத்துமேல தாடையை வச்சான். உடம்பு நடுங்கிக்கிட்டு இருந்தது. கொஞ்ச நேரத்துல நடுக்கம் நின்னது. தூங்கிட்டான்.

நடுவர் அவர்களே, கரண்ட் வரலை. இருட்டு போகலை. அவன் காது திறக்கலை. ஆனா தூங்கிட்டான்!

அப்பத்தான் எனக்கு உறைச்சது. நான் கடவுள்கிட்ட ஒரு வருஷமா லைட்டைப் போடுன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். லைட்டு வந்தாத்தான் நம்புவேன்னு இருந்தேன். இந்த வாயில்லாப் பிராணி லைட்டைத் தேடலை, ஆளைத் தேடிச்சு. அன்னிக்கு ராத்திரி நான் ஜெபம் பண்ணினேன். வார்த்தை ஒண்ணும் வரலை. அவ படுத்திருந்த கட்டில் விளிம்புல தலையைச் சாய்ச்சேன், அவ்வளவுதான். அடுத்த ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சுல உட்கார்ந்தேன். அவளை ஏன் எடுத்துக்கிட்டாருன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் பதில் கிடைக்கலை. ஆனா உட்கார்ந்திருக்கேன்.

சோறு போடுறதுனாலதானே நாய் நம்புதுன்னு எதிரணியில கேட்பாங்க. யோபு விஷயத்துல சாத்தானும் இதையேதான் கேட்டான்! அவ போன ரெண்டு நாளும் நான் மணிக்குச் சோறு வைக்க மறந்துட்டேன். அவன் என் காலடியை விட்டு நகரலை.

தங்கச்சி, பவுல் சொன்னதை நான் மறுக்கலைம்மா. தமிழ்ல ‘கேள்’னா காதால கேட்கிறது மட்டும் இல்லை. கேளிர்னா உறவு. உறவு இருந்தாத்தான் போதனை உள்ளே இறங்கும். அந்த உறவை வாழ்ந்துதான் தெரிஞ்சுக்க முடியும்.

மணி 2020இல் போயிட்டான். தோட்டத்துல கொய்யா மரத்தடியில இருக்கான். ஆனா நான் இன்னும் நடந்து போகும்போது, பத்தடிக்கு ஒரு தடவை நின்னு திரும்பிப் பார்க்கிறேன் ஐயா. அவர் வர்றாரான்னு!

விசுவாசத்தை வளர்ப்பது அனுபவமே, அனுபவமே என்று தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)